ஒரு கண்ணி அறுந்தால்...

சேலையில் முள் மாட்டினால் கிழிசல் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். நம் பெண்கள் விரும்பி அணியும் லெக்கிங்ஸ் அப்படியல்ல. கோவைக்கு அண்டையிலுள்ள திருப்பூரின் பனியனைப் போல அதுவும் பின்னல் துணிதான். அதில் பாவும் ஊடும் கிடையாது. கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்தது. ஒன்று அறுந்தால் அடுத்தது அவிழும். 1940-ல் அமெரிக்காவில் நைலான் காலுறை கடைக்கு வந்தபோதும் பெண்களுக்கு இதே தொல்லைதான்!

சகோதரிகளே, நம் வீடுகளில் முதல் குற்றவாளி யார் தெரியுமா? மெட்டிதான்! பாதத்தில் மெல்லிய துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள். பிறகு பையை உருவிவிடலாம். துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்புங்கள். கொக்கி வைத்த உடுப்புகளோடு சேர்க்காதீர்கள். சலவைக் காரமும் கொதிநீரும் அதிலுள்ள இழுபடும் இழைக்கு எமன்.

ஓட்டை விழுந்துவிட்டதா? அன்றைக்கே உட்புறமாக, அதே நிற நூலால், அவிழ்ந்த கண்ணியை முதலில் பிடித்து நிறுத்துங்கள். பிறகு தளர்வாகத் தையுங்கள். இறுக்கினால் காலை மடக்கும்போது பக்கத்துக் கண்ணி போய்விடும். நைலான் காலுறைக்கு நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு போதும்.

நம்மைப் போன்ற பெண்கள் பலர் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து தைத்த உடுப்பு அது. ஒரு சிறு ஓட்டைக்காகத் தூக்கி எறியலாமா?