காணப்படாத பக்கம்



வீட்டுக் கூடத்திற்கு ஓர் அலமாரி செய்வதைக் காட்டிலும், குளியலறையில் வாஷ்பேசினைத் தாங்கி நிற்கும் மரப்பெட்டியைச் செய்வது கடினமான வேலை. கூடத்து அலமாரியை விருந்தினர் பார்த்துப் பாராட்டுவார்கள். குளியலறைப் பெட்டியையோ ஒவ்வொரு நாளும் தண்ணீர் சோதித்துப் பார்க்கிறது. அது யாரும் காணாத பக்கத்தையே தேடிச் செல்லும். இந்த வாரம் அதைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

எங்களோடு வசிக்கும் என் தாயாருக்கு 81 வயது. அதிகாலையில் முகம் கழுவும்போது இடது கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றியே நிற்பார். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளின் உயரம் அவருக்குப் பொருந்தவில்லை. ஆகவே அவருடைய கை இயல்பாக ஊன்றும் உயரத்தை அளந்து, வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் நானே ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கினேன். சட்டங்களுக்குத் தேக்கும், பக்கங்களுக்கு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரை பெற்ற, தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டும் வாங்கினேன்.

மரக்கடையில் இருந்த மூத்த தச்சர் என் அளவுக் குறிப்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முதுகுப் பக்கத்துக்கு எத்தனை பூச்சு ஐயா?"

அந்தக் கேள்வியில் தொழிலின் ஞானம் அடங்கியிருக்கிறது. மரம் அறுக்கப்பட்டு உலர்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறும்போது நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, அகலவாக்கில் விரிகிறது. ஒரு பலகையின் முகத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசி, முதுகை அப்படியே விட்டால், முதுகு ஈரத்தை உறிஞ்சி விரியும். பூசப்பட்ட முகம் விரியாது. பலகை வளைந்துவிடும். முகத்தில் இன்னும் மூன்று பூச்சுகள் ஏற்றினாலும் அந்த வளைவு நிமிராது.

பலகையின் வெட்டுமுனைகள் இன்னும் ஆபத்தானவை. வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழல்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. பெட்டியின் கால்கள் தரையைத் தொடும் அடிப்பாகமும், குழாய்க்காகத் துளையிட்ட இடத்தின் விளிம்பும் இத்தகையவையே. பெரும்பாலும் கேடு தொடங்குவது அவ்விடங்களில்தான்.

ஆகவே பெட்டியைச் சுவரோடு பொருத்துமுன் அதைக் கவிழ்த்து வைத்தேன். வார்னிஷைச் சற்று நீர்க்கக் கலந்து, முதற்பூச்சை வெட்டுமுனைகள் குடிக்கும்வரை கொடுத்தேன். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசினேன். உள் மூலைகளுக்குத் தூரிகை எட்ட முழங்காற்படியிட வேண்டியிருந்தது. வெளிப்பக்கத்துக்குச் செலவான நேரத்தைவிட மறைந்திருக்கும் பக்கங்களுக்கே அதிக நேரம் சென்றது.

வேதாகமத்தில் நோவாவின் பேழையைக் கவனியுங்கள். அதன் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். அத்தனை பெரிய வேலையில், புறத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் கீல் பூசும்படி தேவன் கட்டளையிட்டார். வெள்ளம் மோதுவது வெளிப்புறத்தில் அல்லவா? ஆயினும் உட்புறமும் பூசப்பட்டது. உள்ளே உயிர்கள் இருந்தன.

நம் ஆண்டவரும் தச்சராகவே அறியப்பட்டவர். ஏறக்குறைய 30 வயதில் ஊழியத்தைத் தொடங்குமுன் நாசரேத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றிச் சுவிசேஷங்கள் மிகக் குறைவாகவே சொல்லுகின்றன. பிறர் காணாத அந்த ஆண்டுகள் பிதாவுக்கு மறைவானவை அல்ல.

பிரியமானவர்களே, நம் வாழ்விலும் முதுகுப் பக்கம் உண்டு. ஆலயத்தில் கேட்கும் நம் குரல் ஒன்று. கதவைச் சாத்தியபின் வீட்டாரிடம் பேசும் குரல் மற்றொன்று. எவரும் சரிபார்க்காத கணக்கும், இரவில் தனிமையில் கையிலிருக்கும் கைபேசியும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. அங்கே ஏறும் ஈரம் நம்மை மட்டும் கெடுப்பதாக எண்ணிவிடுகிறோம். அது உண்மையன்று. பெட்டியின் அடிப்பாகம் உளுத்துப்போனால், விழுவது பெட்டி மட்டுமல்ல. அதை நம்பிக் கையூன்றியவரும் விழுவார். உங்கள்மேல் கையூன்றி நிற்பவர் யார்? உங்கள் பிள்ளையா, வாழ்க்கைத்துணையா, உங்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த சபையா?

"என் பெட்டி ஏற்கெனவே சுவரில் மாட்டப்பட்டுவிட்டதே" என்று சிலர் நினைக்கலாம். மாட்டியதைக் கழற்றவும் முடியும். திருகாணிகளை அவிழ்த்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, உளுத்த இடத்தைச் செதுக்கி, மீண்டும் பூச வேண்டும். வேலை கூடுதல்தான், சில நாட்கள் குளியலறை அலங்கோலமாகவும் கிடக்கும். ஆனாலும் இடிந்து விழும்வரை காத்திருப்பதைவிட அது நல்லது.

இந்த வாரம், யாரும் பார்க்காத ஒரு பக்கத்தைத் தெரிந்துகொண்டு, முழங்காற்படியிட்டு அங்கே வேலையைத் தொடங்குவோம். கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.