குளிரை விற்கும் தோட்டங்கள்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு இரண்டு திசைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வார இறுதிக்குக் காரில் வருபவர்கள் ஒரு சாரார். அதே மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் உள்ள சுர்கானா, பேட் தாலுகாக்களின் மலையூர்களிலிருந்து சட்டி பானை, போர்வை, கைக்குழந்தையோடு ஜீப்பிலும் டெம்போவிலும் வந்து இறங்குபவர்கள் இன்னொரு சாரார். இரு சாராரும் தோட்டத்தின் ஓரத்தில் தற்காலிகக் கூரையின் கீழ்தான் படுக்கிறார்கள். முதல் சாராருக்குத் தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், இரட்டைத் துணிச் சுவர், கம்பளி மெத்தை, ஹீட்டர், வெந்நீர் வரும் கழிவறை. கிளாம்பிங் என்று விளம்பரங்கள் சொல்லும் சொகுசுக் கூடாரம் இதுதான். மற்ற சாராரில் பலருக்கு மூங்கில் கழிகளின் மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள், அல்லது உரமூட்டையும் மருந்து டப்பாவும் அடுக்கிய கொட்டகையின் ஒரு மூலை. இந்த வேறுபாட்டைக் கண்டு வருந்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு வட்டாரம் தன் குளிரை விருந்தினருக்கு விலைக்கு விற்கிறதென்றால், அந்தக் குளிரில் விழித்திருந்து வேலை செய்பவரின் கூரையும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும் என்பது என் வாதம். அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அந்தச் சொகுசுக் கூடாரமே சாட்சி.

குளிரை விற்கிறார்கள் என்று நான் சொல்வது அலங்காரப் பேச்சல்ல. நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், சகியாத்ரி மலைத்தொடரின் கிழக்குச் சரிவை ஒட்டி இருக்கிறது. திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரி கங்காபூர் அணையில் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் தங்கும் விடுதிகளும் கூடாரங்களும் நெருக்கமாக உள்ளன. பகலில் நல்ல வெயில். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். கிழக்கே நிபாட் தாலுகாவில் சில ஆண்டுகளில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் ஒயினுக்கு வேண்டியது. பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவும் சூடாக இருந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் வேகமாகச் சிதைந்துபோய் ஒயின் சப்பென்று ஆகிவிடும். குளிர் அந்தச் சிதைவை மட்டுப்படுத்தி, புளிப்பைக் காத்து வைக்கிறது. சுலா ஒயின் நிறுவனத்தைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த் 1997-ல் இங்கே சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் கொடிகளை நட்டு, 2000-ல் சுலாவின் முதல் ஒயினை வெளியிட்டதற்குப் பின்னால் இருந்த கணக்கில் இந்தக் குளிருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலத்துத் தோட்டம் இலையுதிர்ந்த மொட்டைக் கொடிகளாக நிற்கும். நாசிக்கில் அப்படியல்ல. இங்கே குளிர்காலம்தான் பழம் முதிரும் காலம். ஒயின் திராட்சையின் அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அதனால்தான் கூடாரத்தின் திரையை விலக்கினால் பச்சை இலையும் தொங்கும் கொத்துமாகக் காட்சி கிடைக்கிறது. விருந்தினரின் பருவமும் உழைப்பின் உச்சப் பருவமும் ஒன்றாக விழுவது இங்கே தற்செயல் அல்ல, இரண்டும் ஒரே குளிரை நம்பியவை.

அந்த உழைப்பைக் கூலி வேலை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. வெப்ப மண்டலத்தில் திராட்சைக் கொடி தானாக உறங்கி விழிப்பதில்லை. கத்தரிதான் அதற்குப் பருவத்தைக் கற்பிக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே விளைச்சல். ஏப்ரலில் கொடியை ஒட்ட வெட்டிப் புதுக்கிளை எழுப்புகிறார்கள். அப்படி எழுந்த கிளையில் எந்த மொட்டு பழம் தரும், எது வெறும் இலையாகப் போகும் என்பது அதற்கடுத்த வாரங்களிலேயே மொட்டுக்குள் முடிவாகிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. கத்தரி பிடித்தவர் கிளையின் பருமன், நிறம், கணுவின் இடைவெளி ஆகியவற்றைப் பார்த்து, பழம் தரும் மொட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுகிறார். ஒரு மொட்டு கீழே போனால் அந்தக் கிளையின் ஓராண்டு விளைச்சல் தரையில் விழுந்துவிட்டது என்று பொருள். கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களுக்கடியில் கவாத்துக்காரருக்கு இருக்கும் மதிப்பை அறிந்த தேனி மாவட்டத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டிய பிறகு எல்லா மொட்டும் ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும் என்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை ஒவ்வொரு மொட்டிலும் தடவுகிறார்கள். தோலைப் புண்ணாக்கும் நச்சு அது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதைக் கையாள்பவர் முன்னும் பின்னும் சில நாட்களுக்கு மதுவைத் தொடக் கூடாது, தொட்டால் உடல் கடுமையாகப் பாதிக்கப்படும் என்பது அந்த மருந்துக்குரிய எச்சரிக்கை. பிறகு மிகுதித் தளிரைக் கிள்ளுவது, கொத்துக்கு வெயில் படுமாறு இலை கழிப்பது என வேலை நீளும். இதையெல்லாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு குழுவாகச் செய்பவர்கள்தான் மேற்கு மலைகளின் கோக்ணா, மகாதேவ் கோளி, வார்லி மக்கள். அங்கே அவர்களுக்கு மழையை நம்பிய நெல்லும் கேழ்வரகும் உண்டு. மழை போனதும் வேலையும் போய்விடும். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பை வரை சுமார் 180 கிலோமீட்டர் நடந்து வன நில உரிமை கேட்ட விவசாயிகளில் இந்த மலைத் தாலுகாக்களின் ஆதிவாசிகள் பெருந்தொகையினர்.

முதிரும் காலத்தில் குளிர் இரவு வேலையையும் கொண்டுவருகிறது. பனி மிகக் கடுமையானால் பழத்தின் தோல் வெடிக்கும். உண்ணும் திராட்சை பயிரிடும் நிபாட் பக்கத்தில், வெப்பநிலை சரியும் இரவுகளில் வரிசைகளுக்கிடையே காய்ந்த சுள்ளியைக் கொளுத்திப் புகை மூட்டுவதும், சொட்டுநீரைத் திறந்துவிட்டு மண்ணின் சூட்டைக் காப்பதும் வழக்கம். யாராவது விழித்திருந்தால்தான் இது நடக்கும். ஒயின் தோட்டங்களில் அறுவடை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். சூடேறிய பழம் கூடையிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே பனியில் நனைந்த கொத்தை விரல் விறைக்கும் நேரத்தில் தொட்டு, அழுகிய மணியைக் கழித்து, காம்பை வெட்டி, நசுங்காமல் கிரேட்டில் அடுக்க வேண்டும். இரவு முழுக்கத் தரை ஈரத்தில் படுத்து எழுந்த விரலுக்கும், சூடான இடத்தில் உறங்கி எழுந்த விரலுக்கும் இந்த வேலையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கூரை என்பது கருணையாகக் கொடுக்கும் பொருள் அல்ல, கத்தரியைப் போல அதுவும் தொழிற்கருவி என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, இவர்கள் ஓரிடத்தில் சில வாரங்களே தங்குகிறார்கள், பிறகு அடுத்த தோட்டத்துக்கு நகர்கிறார்கள், நகரும் ஆட்களுக்கு எப்படி வீடு கட்டுவது என்பது. சிறிது காலம் முன்புவரை இதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். இப்போது பதில் தோட்டத்தின் மறு ஓரத்திலேயே நிற்கிறது. அஸ்திவாரம் தோண்டாமல், செங்கல் வைக்காமல், ஒரு பருவத்துக்கு மட்டும் நிறுத்திப் பிறகு கழற்றி எடுத்துவிடக்கூடிய கூரையின் கீழ் மனிதர் உலர்ந்து, சூடாக, கழிவறையோடு வாழ முடியும் என்பதைச் சொகுசுக் கூடாரத் தொழில் செய்தே காட்டிவிட்டது. அதிலிருந்து மெத்தையையும் அலங்கார விளக்கையும் கழித்துவிடுங்கள். தரைக்கு மேல் தளம், நீர் புகாத கெட்டித் துணி, பூட்டக்கூடிய கதவு, பெண்களுக்கு மறைவான குளியலிடம், கழிவறை, குழந்தை படுக்க உலர்ந்த இடம் ஆகியவை மிஞ்சும். இவற்றில் எதுவும் தொழில்நுட்பச் சிக்கல் உள்ளது அல்ல. வெறும் சில இரவுகளுக்கு வருபவருக்காக இதை அமைக்க முடிகிற இடத்தில், பல வாரங்கள் தங்குபவருக்கு அமைக்க முடியாது என்ற வாதம் நிற்காது.

அடுத்த மறுப்பு பொறுப்பைப் பற்றியது. ஒயின் நிறுவனம் தன் திராட்சையில் பெரும்பகுதியை ஒப்பந்த விவசாயிகளிடம் வாங்குகிறது. ஆள் வைப்பவர் விவசாயி. ஆளைக் கூட்டிவருபவர் குழுத் தலைவரான முக்காதம். கூடாரம் நடத்துபவர் இவர்களில் யாருமல்லாத நான்காவது நபராகக்கூட இருக்கலாம். உண்மைதான். ஆனால் எந்த ரகம் நட வேண்டும், ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் விடலாம், எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும், சர்க்கரை எந்த அளவுக்கு வந்ததும் வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் வாங்குபவரால் ஒப்பந்தம் வழியாக விவசாயியின் வயலுக்குள் கொண்டுபோக முடிகிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் நாசிக் திராட்சை இதற்கு இன்னும் தெளிவான சான்று. 2010-ல் குளோர்மெகுவாட் என்ற, வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்தின் எச்சம் தென்பட்டு ஐரோப்பியச் சந்தையில் சரக்குகள் தடுக்கப்பட்டன. அதன்பின் எச்சப் பரிசோதனை இறுகியது. ஒவ்வொரு பெட்டியையும் அது விளைந்த தோட்டம்வரை பின்தொடரும் பதிவு முறை கறாராயிற்று. ஏற்றுமதித் தோட்டங்கள் பெறும் குளோபல் கேப் சான்றிதழில், தோட்டத்தில் தங்கும் தொழிலாளரின் இருப்பிடம் குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வாங்குபவர் கேட்டால் தோட்டம் கேட்கும் என்பதுதான் இந்த வட்டாரத்தின் அனுபவம். ஒயின் சுற்றுலாவில் வாங்குபவர் இரவு தங்க வருபவர். அவர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

சிறு விவசாயிக்குத் தாங்காது என்ற மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். பருவம் தப்பிய ஒரு மழை, அரை மணி நேர ஆலங்கட்டி போதும், கடன் வாங்கி வளர்த்த தோட்டம் வீணாவதற்கு. ஆகவே செலவை அவர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் நடந்ததை இங்கே நினைவூட்டலாம். உலகின் விலையுயர்ந்த ஒயின் வட்டாரங்களில் ஒன்றான அங்கும் அறுவடை ஆட்கள் ஆற்றங்கரையிலும் காருக்குள்ளும் படுத்த காலம் இருந்தது. 2002-ல் தோட்ட உரிமையாளர்களே தங்கள் மேல் ஏக்கர் கணக்கில் ஆண்டுத் தீர்வை ஒன்றை விதித்துக்கொள்ள ஒப்பினார்கள். ஏக்கருக்கு 10 டாலர் வரை என்று தொடங்கிய அந்தத் தொகையும், தொழிலாளர் தரும் சிறு வாடகையும் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் 60 படுக்கைகள் கொண்ட மூன்று விடுதிகளை நடத்த உதவின. அவை பெரும்பாலும் தனியாக வரும் ஆண்களுக்கானவை. குடும்பமாக வரும் நாசிக்குக்கு அதே அச்சு பொருந்தாது. ஆனால் பெரிய தோட்டம் கூடுதலாகவும் சிறிய தோட்டம் குறைவாகவும் தரும் அந்தக் கணக்கு பொருந்தும். நாசிக்கில் இன்னொரு வழியும் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலை வளர்க்கும் திட்டத்தின் கீழ், மாநிலத்தில் தயாராகும் ஒயினுக்கு 20 சதவீத வாட் வரி விதித்து, அந்த 20-ல் 16 சதவீதப் புள்ளிகளைத் தயாரிப்பாளருக்கே திருப்பித் தருகிறது. பொதுப்பணம் இப்படிப் பாயும் தொழிலிடம், திரும்பி வரும் தொகையில் ஒரு பங்கு தொழிலாளர் கூடாரங்களுக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை வைக்க அரசுக்கு முழு உரிமை உண்டு. கூடாரத்தின் ஓர் இரவு வாடகையோடு ஒரு சிறு தீர்வையைச் சேர்ப்பதும் கடினமல்ல.

சட்டம் ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வி நியாயமானது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் உரிமையாளர் வீடு தர வேண்டும் என்றது. ஆனால் அது தேயிலை, காபி, ரப்பர், சிங்கோனாத் தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாநில அரசுகள் விரும்பினால் பிற தோட்டங்களுக்கும் நீட்டிக்கலாம் என்று இடம் இருந்தும், திராட்சை அந்தப் பட்டியலுக்கு வெளியேயே நின்றது. நீலகிரியிலும் வால்பாறையிலும் லயன் வீடுகளின் குறைகளைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். பேசுவதற்கு அங்கே வீடு என்ற ஒன்றாவது சட்டப்படி இருந்தது. புலம்பெயர் தொழிலாளருக்கான 1979-ன் சட்டம் இருப்பிடம் தரச் சொன்னது, அதுவும் மாநில எல்லையைத் தாண்டி வந்தவருக்கு மட்டும். சுர்கானாவிலிருந்து நிபாடுக்கு வருபவர் மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டுவதில்லை.

சுற்றுலா வேலை தருகிறதே, அதைக் குறை சொல்லலாமா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் சுற்றுலாவுக்கு எதிரி அல்ல. ருசிக்கூடத்திலும் சமையலறையிலும் உள்ளூர் இளைஞர்கள் ஆண்டு முழுக்கச் சம்பளம் பெறுவது நல்ல காரியம். ஆனால் அந்த வேலைக்குப் படிப்பும் பேச்சும் வேண்டும். கத்தரியோடு வரும் குடும்பங்கள் அந்தக் கதவின் வழியாக உள்ளே போவது அரிது. ஒருவருக்குக் கிடைத்த வேலை இன்னொருவரின் ஈரத் தரைக்குப் பதிலாகாது. ஓய்வுக்குப் போகிறவர் மேல் ஏன் இந்தப் பாரம் என்றும் கேட்கப்படலாம். விலை கொடுத்து வாங்குபவருக்குப் பொருள் எப்படி உண்டாயிற்று என்று விசாரிக்கும் உரிமை இருக்கிறது. ஒயினின் ரகத்தையும் பீப்பாயின் மரத்தையும் அக்கறையோடு விசாரிக்கிறவருக்கு இந்தக் கேள்வி பாரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே இந்தக் குளிர்காலத்தில் நாசிக்குக்கோ வேறெந்தத் திராட்சை வட்டாரத்துக்கோ போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கூடாரத்துக்கு முன்பதிவு செய்யும்போது, உங்கள் தோட்டத்திலும் உங்களுக்குத் திராட்சை தரும் தோட்டங்களிலும் கவாத்துக்கும் அறுவடைக்கும் வருபவர்கள் எங்கே தங்குகிறார்கள், அங்கே கழிவறை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல பதில் தரும் இடத்தில் தங்குங்கள்; ஊர் திரும்பியதும் அந்த இடத்தின் பெயரை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.