கிணற்றடி பாத்தி

அடுப்படி வாசலில் மகள் போனை நீட்டினாள். திரையில், நத்தை ஓடு போலச் சுழன்று ஏறும் ஒரு கல் மேடை. பில் மொலிசன் என்ற அவுஸ்திரேலியர் பரப்பிய சுருள் பாத்தி அது. உச்சி சீக்கிரம் காயும், அடியில் ஈரம் தங்கும். அந்தந்த மூலிகையை அதற்கேற்ற படியில் நடலாம்.

“வாசல்ல இதக் கட்டுவம் உம்மா. பாக்க வடிவா இருக்கும்.”

உம்மா போனைக் கொஞ்ச நேரந்தான் பார்த்தார். அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டியோடு இறங்கிப் போய், மகள் காட்டிய இடத்திலேயே ஊற்றினார். கலங்கல் ஒரு சாண் ஓடியது, அவ்வளவுதான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் மேல்மண் வெளுத்துப்போயிருந்தது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் புல்மோட்டைக் கடற்கரை மணலுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்று பிரித்தெடுக்க 1957இலேயே கூட்டுத்தாபனம் வந்துவிட்டது. வெள்ளைப் பெயின்டுக்கு நிறம் கொடுக்கும் பொருள் இல்மனைட்டிலிருந்து வருகிறது. ஆனால் மணல் வளவில் ஒரு பிடி மல்லி முளைக்க வைப்பது பெரும்பாடு. மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். அதுவரை கச்சான் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தண்ணீரை வடிக்க மேடை கட்டுவது களிமண் நிலத்துக்காரர் கவலை என்றே எனக்குப் பட்டது. கேட்காத இடத்தில் அதைச் சொல்வானேன்?

கிணற்றடியில் யாரும் திட்டம் போடாத தோட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வாளி அலசும் தண்ணீர் வழிகிற ஓரத்தில் ரம்பை புதராக நின்றது. கல் இடுக்கெல்லாம் வல்லாரை. நோன்புக் கஞ்சிக்கும் சம்பலுக்கும் உம்மாவின் கை நீள்வது அங்கேதான்.

“அப்ப கற்பூரவள்ளியும் இங்கயே வெப்பமா?”

“அதுக்கு வேர் நனைஞ்சா அழுகிரும். சுவரோரம் வை.”

“புதினா?”

“நிலத்தில விட்டா வல்லாரைய முழுங்கிரும். அந்த ஓட்டை வாளி இருக்கே, அதில வை.”

மல்லிக்கு மட்டும் அடுப்படிப் பக்கம் குழி வெட்டச் சொன்னார். அடியில் பொச்சு மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கினான் மகளின் தம்பி. மட்டை நீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விடும். குழியை நேராக வெட்ட அக்கா விடவில்லை, வளைத்தே வெட்ட வைத்தாள். உம்மா பார்த்துச் சிரித்தார்.

“வளைங்க, வளைங்க. ஆடும் வளைஞ்சு வந்து திங்கும். முதல்ல வேலியை அடைங்க.”