கரிசல் கம்மாயில் ஒரு ரவுடி!

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய். தீப்பெட்டி. ஹாக்கி. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்பு மண். அவ்வளவுதானே?

நான் சொல்லப் போவது மீன் சமாசாரம். 'யோவ், குடிதண்ணிக்கே குடத்தோட அலையுற சீமையில மீனா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க. சிரிச்சு முடிச்சதும், நல்ல மழை பெய்த ஒரு கார்த்திகை மாசத்தில் இந்தப் பக்கம் வந்து பாருங்க.

கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு என்று எந்தத் திசையில் போனாலும் இங்கே எல்லாமே வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை மனசு வைத்தால் கம்மாய் பெருகும். (கண்மாய் என்பதெல்லாம் ஏட்டில், வாயில் கம்மாய்தான்.) பங்குனி, சித்திரையில் அதே கம்மாய் சேறாகி, அப்புறம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வருஷம் மழை ஒரேயடியாகக் கணக்குத் தீர்க்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தின் ஒரு வருஷச் சராசரியைவிட அதிகம்!

இப்படிக் கொஞ்ச மாசம் தண்ணி, மிச்ச மாசம் வெயில் என்று இருக்கிற இடத்தில் குடித்தனம் நடத்த, தனி உடம்பு வேண்டும். அந்த உடம்பு வாய்த்த ஆசாமிதான் விரால்.

பாம்புத் தலை, உருண்ட உடம்பு. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஒரு தனி அறை வைத்திருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து 'மொளக்' என்று ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் அமுக்கி வைத்தால், தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும். மீன் தண்ணியில் மூழ்கிச் சாவதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? கம்மாய் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து பக்கத்துக் குட்டைக்கும் போய்ச் சேரும். டிரான்ஸ்பர் ஆர்டரெல்லாம் அதற்குத் தேவையில்லை!

சரி, இதைப் பிடிப்பது எப்படி? கம்மாய்க் கரையில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இது:

"தம்பி, நீங்க மீனைத் தேடாதீக. அது எதைத் தேடுதுன்னு பாருங்க."

"எதைத் தேடும் தாத்தா?"

"தேடவே தேடாது. உக்காந்த எடத்துக்கு எல்லாம் வரும்."

அதுதான் விஷயம். விரால் இரையை விரட்டிக்கொண்டு திரிகிற ரகம் இல்லை. பேட்டை ரவுடி மாதிரி. ரவுடி ஊரைச் சுற்றுவானா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். விராலுக்கு பெஞ்ச், கோரைப் புல், அல்லி இலை, தண்ணியில் மூழ்கிய கருவேலங் கிளை. அதன் நிழலில் அசையாமல் கிடக்கும். கரிசல் தண்ணி கலங்கல். கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அதன் உடம்பின் இரண்டு பக்கமும் வால்வரைக்கும் ஓடுகிற ஒரு கோடு, தண்ணியின் சின்ன அதிர்வைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். தவளைக்குஞ்சு ஒன்று 'தளக்' என்று குதித்தால் போதும். உடம்பை வளைத்து, ஒரே பாய்ச்சல். வாயைத் திறந்த வேகத்தில் தண்ணியோடு இரையும் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.

இது தெரிந்தவன் நடுக் கம்மாயில் தூண்டில் போட்டுக் கொட்டாவி விட மாட்டான். புல் விளிம்பில் போடுவான். காலை, சாயங்காலம் போடுவான். கரையில் தடதடவென்று நடக்க மாட்டான். இரையைச் சும்மா மிதக்க விடாமல், மேல் தண்ணியில் துள்ளத் துள்ள இழுப்பான். (இப்போது கடையில் ரப்பர் தவளையே கிடைக்கிறது. பாவம், நிஜத் தவளையை விட்டுவிடலாம்.) கவ்வியதும் வெட்டி இழுக்காமல், ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிவிட்டு இழுப்பான். வாங்கிய இரையை விரால் உள்ளே தள்ள அவ்வளவு நேரமாவது வேண்டும்! கம்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.

முழங்கால் தண்ணிக்கு இறங்கினதும் ஊரே ஊத்தாவோடு இறங்கும். மேலும் கீழும் திறந்த கூடை. சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். இத்தனை கால் மிதித்தும் விரால் ஓடாமல் அங்கேயே பதுங்கும். எந்தக் குணத்தால் சாப்பிட்டதோ, அதே குணத்தால் மாட்டும்.

இதுவரைக்கும் நியாயமான ஆட்டம். இனிமேல்தான் விவகாரம்.

மழைக்காலத்தில் கம்மாய் ஓரம், மிளகாய்ப்பொடியைத் தூவின மாதிரி தண்ணிமேல் ஒரு சிவப்பு வட்டம் நகரும். அத்தனையும் விரால் குஞ்சு. அடியில் தாய் தகப்பன் காவல். அந்த வட்டத்துக்குள் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். பசியால் இல்லை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று. பசிக்கு வருகிற விரால் யோசிக்கும்; பிள்ளைக்காக வருகிற விரால் யோசிக்காது. அதனாலேயே சில பேர் இந்தச் சிவப்பைத் தேடித் தேடித் தூண்டில் போடுகிறார்கள். தூண்டில்காரனுக்கு இதைவிட சுலபமான வேட்டை கிடையாது. காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீனும் கொக்கும் பந்தி வைத்துத் தின்றுவிடும்.

இந்தக் காவலின் மதிப்பு என்ன? அமெரிக்காவைக் கேளுங்கள். 2002-ல் மேரிலாந்தில் கிராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில், விராலின் சீனத்து உறவுக்கார மீன் கிடைத்தது. யாரோ கொண்டுவந்து விட்டது ரெண்டே ரெண்டு மீன். டி.வி., பேப்பரெல்லாம் அலறி, கடைசியில் குளத்துக்கே மருந்து போட்டார்கள். செத்து மிதந்த குஞ்சுகள் ஆயிரத்துக்கும் மேல்! அங்கே அது அழையா விருந்தாளி, விரட்டினார்கள். இங்கே அது சொந்தக்காரன். தெலங்கானாவில் 2016-ல் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள்.

கணக்கு ஒன்றுதான், திருப்பிப் போடுங்கள். ரெண்டு மீன் காவல் இருந்தால் ஆயிரம். அந்த ரெண்டைப் பிடித்தால், ஆயிரமும் போச்சு. அதிலும் வருஷா வருஷம் வற்றுகிற கம்மாயில், சேற்றில் தப்பிப் பிழைத்த சில ஜோடிகள்தான் அடுத்த வருஷத்து மூலதனம். பி.காம். படித்தவன் சொல்கிறேன்: வட்டியைத் தின்னலாம் சார், முதலைத் தின்னக் கூடாது.

எனவே கோவில்பட்டிப் பக்கம் தூண்டிலோடு வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். தண்ணியில் சிவப்பு தெரிந்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போங்கள். சிக்னலில் சிவப்புக்கு நிற்காதவர்கள்கூட இங்கே நிற்கலாம். ஃபைன் கிடையாது, அடுத்த வருஷம் குழம்பு உண்டு!