பாதிக் கையெழுத்து

1980 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலர், 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். மெர்டேக்கா அரங்கில் அவர் கையெழுத்திட்டுத் தந்த படத்தை அப்பா செகிஞ்சான் வீட்டில் மாட்டியிருந்தார். ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அவசரப்பட்டு நான் பிரித்தேன். பாதிப் பெயர் கண்ணாடியோடு போயிற்று. அப்பா ஒன்றும் பேசவில்லை.

மீதியை நானே சட்டமிட்டேன். சட்டம் பழையது, அமிலமற்ற அட்டைதான் செலவு. கண்ணாடி படத்தைத் தொடாதபடி, அட்டையில் சன்னல் வெட்டி இடையில் வைத்தேன். பசை தடவாமல் நான்கு மூலைகளையும் காகித மடிப்புகளில் செருகினேன். வெயில் படாத சுவரில் மாட்டினேன்.

அன்று மாலை அப்பா அதன்முன் நின்றார். அழிந்துபோன எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் படம் கண்ணாடியைத் தொடுகிறதா? இன்றே பாருங்கள். ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள்.