விசாரித்ததுதான் என் குற்றம்

கரிசல் பூமியில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொறுப்பில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கு ஆசிரியர் மீது சொன்ன புகாரை அமுக்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தாளாளர் அப்போது ஊரில்கூட இல்லை. முடிவெடுத்தவள் நான்தான். அவள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். நான் செய்ததில் எதையும் மாற்றவில்லை.

மதிய இடைவேளையில், தோழி ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "ஸ்பெஷல் கிளாஸுல நோட்டுத் திருத்துறப்ப சார் தப்பாத் தொடுறாரு டீச்சர். இனிமே நான் அந்தக் கிளாஸுக்குப் போகமாட்டேன்" என்றாள். என் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டே சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை நாள் ஏன் சொல்லல?" அடுத்த கேள்வி, "நல்லா யோசிச்சுச் சொல்லு, தெரியாமக் கை பட்டிருக்கலாம்ல?" பிறகு தோழியை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு இருந்த ஒரே துணையும் போனது.

அத்தோடு நிற்கவில்லை. பியூனை அனுப்பி அந்த ஆசிரியரை வரவழைத்தேன். அவர் முன்னால் அவளை நிறுத்தி, "இப்ப சொல்லு" என்றேன். இரு தரப்பையும் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். "என் மக மாதிரி நினைச்சு முதுகுல தட்டிக்கொடுத்தேன் மேடம்" என்றார் அவர். அவள் வாயே திறக்கவில்லை. பயத்தில் வந்த அந்த மௌனத்தை, புகாரில் உண்மையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் அம்மாவை வரச்சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "வெளிய தெரிஞ்சா உங்க பொண்ணு பேருதாம்மா கெடும். நாளைக்குக் கட்டிக்கொடுக்கணும்ல?" என்றேன். 'என் மகள் தவறாகப் புரிந்துகொண்டு சொல்லிவிட்டாள், இனி இதுபற்றிப் புகார் ஏதுமில்லை' என்று நான் சொல்லச்சொல்ல அலுவலக எழுத்தர் எழுதினார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். அதில் இருந்த வார்த்தை ஒன்றுகூட அவருடையதல்ல. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பெண் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதியோடுதான் அந்த டி.சி.யில் கையெழுத்திட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பத்தாம் வகுப்புக் கணக்கில் முழுத் தேர்ச்சி கொடுப்பவர் அவர். உதவிபெறும் பள்ளியில் ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகும். பள்ளியின் பெயர் கெட்டால் சேர்க்கை குறையும், பணியிடம் போகும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் அந்தப் பிள்ளையை நான் சேர்க்கவே இல்லை.

சட்டம் தெரியாது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான பயிற்சி வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது 21ஆவது பிரிவு. விசாரித்து முடித்துவிட்டுப் புகார் கொடு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்யவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படவே கூடாது. காவல்துறைக்கே இத்தனை கட்டுப்பாடு. நானோ விசாரணை செய்யும் பயிற்சி எதுவும் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் நிற்கவைத்தேன்.

மறு கல்வியாண்டில் அந்த ஆசிரியர் அதே நிர்வாகத்தின் வேறொரு பள்ளிக்கு மாறுதல் கேட்டார். பரிந்துரைத்து அனுப்பினேன். அங்கிருந்த தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்து அங்கும் ஒரு மாணவி புகார் சொன்னாள். அந்தத் தலைமை ஆசிரியர் பிள்ளை சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். அன்றே காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். ஆசிரியர் கைதானார். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த பயம், என் பெயர் வெளியே வருமோ என்பதுதான். அந்த இரண்டாவது குழந்தையின் நினைப்பு பிறகுதான் வந்தது. நான் அன்று ஒரு போன் செய்திருந்தால் அவளுக்கு அது நடந்திருக்காது.

2021 மே மாதத்தில் சென்னைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவிகள் ஆசிரியர் மீதான புகார்களைச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். பள்ளியில் சொல்லாமல் வெளியே ஏன் சொல்கிறார்கள் என்று பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. பள்ளியில் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதே ஆண்டு நவம்பரில், புகார் தெரிந்தும் தெரிவிக்காததற்காகக் கோவைத் தனியார் பள்ளி ஒன்றின் முதல்வர் போக்சோவில் கைதானார். அந்தப் பள்ளியில் படித்த மாணவி அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தாள். மகாராஷ்டிரப் பள்ளி விடுதி மாணவிகள் தொடர்பான வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

பொய்ப் புகாரால் நல்ல ஆசிரியரின் வாழ்க்கை நாசமாகாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் விசாரணை பள்ளிக்கு வெளியே நடக்கவேண்டும் என்கிறேன். தலைமை ஆசிரியர் அறையில் முடித்துவைத்த புகார், ஸ்டாஃப் ரூமில் கிசுகிசுவாக ஆண்டுக்கணக்கில் ஓடும். தவறு செய்யாத ஆசிரியர் அதிலிருந்து மீளவே முடியாது. முறையான விசாரணைதான் அவர் நிரபராதி என்று எழுத்தில் சொல்லும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

இப்போது பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறது, 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி இருக்கிறது, 1098, 14417 உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. பெட்டியைத் திறப்பவர் என்னைப் போன்றவராக இருந்தால் இவை எதனாலும் பயனில்லை.

நடந்ததை முழுவதும் எழுதி, அந்த இரண்டாவது வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அதன் விளைவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். முதலில் வந்து சொன்ன பெண்ணைத் தேடிப்போகவில்லை. என் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவள் வாழ்க்கையை மறுபடி கலைக்க எனக்கு உரிமையில்லை.

தலைமை ஆசிரியர்களே, ஒரு பிள்ளை உங்கள் அறைக்கு வந்து சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "சொன்னது நல்லதும்மா" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆசிரியரைக் கூப்பிட்டு எச்சரிக்காதீர்கள். அவர் அவளை நெருங்க முடியாதபடி மட்டும் உடனே ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோருக்குச் சொல்லுங்கள், எதையும் எழுதி வாங்காதீர்கள். அன்றைக்கே காவல்துறைக்குத் தகவல் கொடுங்கள். உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. அதைச் சொல்லப்போய்த்தான் நான் இரண்டு குழந்தைகளைக் கைவிட்டேன்.