அவரே சொல்லட்டும், பொறுங்கள்

தலையில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க." சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து கேட்பார்கள். சம்பந்தி கேட்பார், மச்சான் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். பதில் வராவிட்டால் வெளியே போய், "நினைவே இல்ல போல" என்று வராந்தாவில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். அது வீட்டார் காதில் விழும். அன்று ராத்திரி அவர்களுக்குத் தூக்கம் போச்சு.

நான் மதுரையில் பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கிறவள். மூளைக்கட்டி எடுத்தவர்கள், ரத்தக்கசிவுக்காக மண்டையோட்டைத் திறந்தவர்கள், எப்போதோ குளியலறையில் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்து உள்ளே ரத்தம் கட்டியது தெரிந்து துளை போட்டு எடுத்த முதியவர்கள் என்று பலரும் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலோர் யாருக்கோ அப்பா, யாருக்கோ அம்மா. கட்டிலில் இருப்பவருக்குச் செய்கிற வேலை ஒரு பங்கு என்றால், கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குச் செய்கிற வேலை இரண்டு பங்கு.

அந்த "நான் யாரு" கேள்வியையே பாருங்கள். முகத்தை அடையாளம் காண வேண்டும், அதற்குரிய பெயரை உள்ளே தேடி எடுக்க வேண்டும், எடுத்ததை நாக்கும் உதடும் ஒலியாக்க வேண்டும். மூன்றில் எது பழுதானாலும் பதில் வராது. முகம் தெரிந்து, உறவும் தெரிந்து, சொல் மட்டும் வராமல் தவிக்கிறவர்தான் அதிகம். ஆகவே வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பரீட்சை வைக்காதீர்கள். "சித்தப்பா, நான் உங்க தம்பி மகன், ஊர்லேர்ந்து வர்றேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் கண்ணைப் பாருங்கள். தெரிந்ததா இல்லையா என்பது அங்கே தெரியும்.

இந்தியாவில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அப்போது ஸ்கேன்கூடக் கிடையாது. இன்று நோயாளியை விழிக்க வைத்துப் பேசவிட்டபடியே கட்டியை எடுக்கிற அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நடக்க வேண்டிய பாதி வேலை மட்டும் இன்னும் வீட்டார் தலையில்தான் இருக்கிறது. ஐசியூ வாசலில் அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒரு மதிப்பெண்ணை. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த கணக்கு அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. "பதினஞ்சுக்குப் பதினஞ்சு வந்துருச்சு" என்று மகன் போனில் ஊருக்கெல்லாம் சொல்வான். நினைவு எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த எண். காபி வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று அப்பாவால் சொல்ல முடியுமா என்பதை அது சொல்லாது. அதை வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை சாப்பாடு. மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி போவதை எந்த மனைவியாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "ஒரே ஒரு வாய் தண்ணி மட்டும் கொடுக்கட்டுமா?" என்பார்கள். விழுங்குவதற்கே கடினமானது அந்தத் தண்ணீர்தான். வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். கெட்டியான கூழ் மெதுவாக நகரும், தொண்டைக்கு அவகாசம் கொடுக்கும். ரசம் சாதம் லேசான உணவு என்று எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் கணக்கில் அது மோசம். சோற்றை மெல்லுவதற்குள் ரசம் முந்திப் போய்விடும். நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. இருமல் வந்தால் நிறுத்த வேண்டும். இருமலே இல்லாமல் குரல் மட்டும் ஈரமாக, கரகரவென்று மாறினாலும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் சிலருக்குச் சத்தமில்லாமலே நுரையீரலுக்குள் போகும்.

புரையேறினால் நம் வீடுகளில் கை தானாகத் தலைக்குப் போய்விடும். "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சியில் தட்டுவோம். ஆனால் மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டு எலும்பில் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தி, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவதுண்டு. அதுவரை அந்த இடத்தில் தோலுக்குக் கீழே மூளைதான். பாசத்தோடு உயர்ந்த ஒரு பாட்டியின் கையை நான் பாய்ந்து பிடித்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் தலையில் தட்டாதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

வயதானவர்களுக்கு ஐசியூவில் பகலும் இரவும் ஒன்றாகிவிடும். வார்டுக்கு வந்தபின்னும் சாயங்காலமானால் குழப்பம் கூடும். செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார், "வண்டி வந்துருச்சு, கிளம்பு" என்பார். பெரும்பாலும் இது தெளிந்துவிடும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் வீட்டார் பத்திரமாகப் பையில் வைத்திருப்பார்கள். எடுத்து மாட்டிவிட்டாலே பாதித் தெளிவு வரும். மீதிக்கு ஒரு தினசரி காலண்டர் போதும். காலையில் தாளை அவர் கையாலேயே கிழிக்க வேண்டும், கிழமையைச் சொல்ல வேண்டும், ராகுகாலத்தைப் படிக்க வேண்டும். விரலுக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் சேர்த்துப் பயிற்சி.

பேச்சுக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். இடப்பக்க முன்மூளையில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. நாம் பேசுவது புரியும், அவருக்குச் சொல்ல வராது. எது கேட்டாலும் "ரைட், ரைட்" மட்டும் வரும். "எங்க பேரெல்லாம் மறந்துட்டு வேலையை மட்டும் ஞாபகம் வச்சிருக்காரு" என்று மகளுக்கு ஆற்றாமை. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளியும் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒலியைத்தான் சொன்னார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான், பேச்சை வெளிக்கொண்டுவரும் பகுதி இடப்பக்க முன்மூளையில் இருப்பதாக புரோக்கா காட்டினார். யோசித்துச் சொல்லும் சொல்லும், வாய் பழகித் தானாக வரும் சொல்லும் மூளையில் ஒரே வழியாக வருவதில்லை. அதனால்தான் மனைவி பெயர் வராதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். கந்தசஷ்டி கவசம் ஓடினால் கூடவே முணுமுணுப்பார். கோபம் வந்தால் கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். "ரைட்" அந்த வழியாக வந்தது. பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவர் வேலை பார்த்த தடம் மதுரை–தேனி. மகளையே ஆரம்பிக்கச் சொன்னேன். "செக்கானூரணி" என்றாள். அவர் உதடு அசைந்தது. உடனே அடுத்த ஊரையும் எடுத்துக்கொடுக்க அவள் வாயைத் திறந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். அவருக்கு நெற்றி சுருங்கியது. இடது கை விரல்கள் தொடைமேல் டிக்கெட் கிழிப்பதுபோல அசைந்தன. "உசி... உசிலம்பட்டி." அடுத்து "ஆண்டிப்பட்டி". தேனியை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. மகள் அழ ஆரம்பித்தாள், ஆனால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஊர்ப் பெயரை வரிசையாகச் சொல்வது பேச்சு ஆகாது. வரிசையை உடைக்க வேண்டும். "அத்தை வீடு எந்த ஊர்லப்பா?" என்று கேட்டு, அதே "உசிலம்பட்டி"யைப் பதிலாக வரவழைக்க வேண்டும். தானாக வரும் சொல்லைத் தேவைக்கு வரும் சொல்லாக மாற்றுவதுதான் என் தொழில்.

இதற்கான சரக்கு வீட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் உருவான பாஸ்டன் படப்பெயர்ச் சோதனையில் பனிவீடும் பீவர் என்ற விலங்கும் வரும். நல்லபடியாக இருந்த காலத்திலேயே எங்கள் ஆட்களுக்கு அவற்றின் பெயர் தெரியாது. அதனால் வீட்டாரிடம் பட்டியல் கேட்பேன். ஒருவருக்கு அரிவாள்மனை, சொளகு, ஆட்டுக்கல். இன்னொருவருக்கு விசில், தோல் பை, டிக்கெட் கட்டு.

அந்த மகளை நான் நிறுத்திய சில விநாடிகள்தான் இந்தத் தொழிலிலேயே கற்றுக்கொடுக்கக் கடினமானவை. அன்புள்ளவர்கள் அவசரப்படுவார்கள். அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவரும் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார். நாளடைவில் பேச முயல்வதே நின்றுபோகும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள் என்பேன். டிவியை அணையுங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். பத்து எண்ணியும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் "காபியா, டீயா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். முழுச் சொல்லையும் நீங்களே சொல்வது கடைசிப் படி.

வலப்பக்க மூளையில் அடிபட்டால் கதையே வேறு. பேச்சு கணீரென்று இருக்கும், ஆகையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். அமாவாசைக்கு இலை போட்டிருந்த ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. ரத்தக்கசிவுக்கு ஆபரேஷன் ஆன அம்மா, இலையின் வலப்பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பும் வைக்கல, ஊறுகாயும் வைக்கல, மாமியார்னா இளக்காரமா?" என்று மருமகளைக் கடிந்துகொண்டார். உப்பும் ஊறுகாயும் நுனியிலையின் இடக்கோடியில் இருந்தன. சோறும் பாதிக்குமேல் அந்தப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. "வேணும்னே பண்றாங்க" என்று மருமகள் அடுப்படியில் குமுறினாள். கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. மருமகளை அழைத்து வந்து, இலையைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அந்த அம்மா மீதியையும் சாப்பிட்டார். அவள் முகத்தில் இருந்த கோபம் இறங்குவது தெரிந்தது. அதன்பின் இலையைத் திருப்பாமல், இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துணியை வைத்து, "அதுவரைக்கும் தேடுங்கத்தே" என்று தினமும் அவளே பயிற்சி கொடுத்தாள்.

இன்னும் சில வீடுகளில் ஆளே மாறிவிட்டதாகச் சொல்வார்கள். அதிர்ந்து பேசாத அப்பா மருமகன் முன்னால் கெட்ட வார்த்தை பேசுவார். ஓடியாடி வேலை செய்த அம்மா சொன்னால் ஒழிய எழுந்திருக்க மாட்டார். முன்னதைத் திமிர் என்பார்கள், பின்னதை வீம்பு என்பார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கவும், வந்த வார்த்தையை அடக்கவும் முன்மூளை வேண்டும். அங்கே கத்தி பட்டிருக்கிறது. மாத்திரைக்கும் பங்கு உண்டு. வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் லெவிட்டிரசிட்டம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். வீக்கம் குறையக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

"எப்ப பழைய மாதிரி ஆவாரு?" என்று என்னிடம் கேட்காத வீடு இல்லை. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம்வரை முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். சிலருக்குச் சில விஷயங்கள் திரும்புவதே இல்லை. அதையும் மறைக்க மாட்டேன். அதனால் ஒரு நோட்டு போடச் சொல்வேன். இன்று புதிதாக என்ன செய்தார் என்று ஒரு வரி மட்டும். கூடவே இருக்கிறவர்களுக்கு மாற்றம் கண்ணில் படாது. மாதக் கடைசியில் முதல் பக்கத்தைப் படித்தால் தெரியும்.

அந்த நோட்டை எழுதுகிறவள் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மகளோ மருமகளோ மனைவியோ, எல்லாப் பாரமும் அவள்மேல்தான். அவள் படுத்துவிட்டால் என் பயிற்சியும் படுத்துவிடும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் முழுதாக இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குடும்பத்தையே கூட்டி வைத்துச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கை கால் பயிற்சிக்கு வீட்டுக்கே ஆள் வருவதுண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்றும் கேட்பேன்: வீட்டில் அப்பாவுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? "பேச்சு வரட்டும், அப்புறம் கொடுக்கலாம்" என்பதுதான் வழக்கமான பதில். பால்காரர் கணக்கை அவரிடம் விடுங்கள். தப்பாகச் சொல்லட்டும், நேரம் ஆகட்டும், பால்காரர் காத்திருக்கட்டும். பேச வேண்டிய தேவை இருக்கிற வாயில்தான் பேச்சு வரும். அவரைக் கேட்காமலே எல்லா முடிவையும் எடுத்துப் பழகிவிட்டால், பேச்சு திரும்பி வருகிற நாளில் அதற்கு அந்த வீட்டில் வேலை இருக்காது.